வளவிலும் விறாந்தையிலும் தக்காளி

(மட்டக்களப்பு வாவிக்கரைக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வழக்கமாக நெல்லைப் பற்றிப் பேசுவதற்கே நாம் கூடுவோம். இன்று தக்காளியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அதுவும் பத்துத் தக்காளிச் செடிகளைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். பத்துச் செடிக்கு ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணக்கூடும். மார்கழி வெள்ளத்தில் பாதை அடைபட்டு, தம்புள்ளையிலிருந்து லொறி வராத வாரத்தில் தக்காளி என்ன விலைக்கு விற்றது என்பதைத் தாய்மார் மறந்திருக்கமாட்டார்கள். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டது. அக்காலத்தில் நாற்றுக் கேட்டு வந்தோர் பலர். நட்ட செடியிலிருந்து காய் பறித்தோர் சிலரே. ஏன் அவ்வாறாயிற்று என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நமது வாவிக்கரையில் தக்காளியைக் கெடுப்பவை மூன்று. மாரியில் அளவுக்கு மிஞ்சிய மழை; கோடையில் கிணற்று உவர்; எக்காலத்தும் மண்ணில் மறைந்திருக்கும் வாடல் நோய். இம்மூன்றையும் ஓர் ஏக்கரில் வெல்லுதல் அரிது. பத்துச் செடியில் வெல்லுதல் எளிது. பத்துச் செடிக்கு நல்ல நீரைத் தேடிக் கொடுக்கலாம், நல்ல மண்ணைச் சுமந்து வரலாம், மழைக்கு அவற்றை விறாந்தைக்குள் வைக்கலாம். ஆகவே நூறு நட்டு அழுவதைவிடப் பத்து நட்டுப் பறிப்பது மேல்.

காலமும் இடமும்

தக்காளி தென்னமெரிக்காவின் மலைச்சாரலைப் பூர்வீகமாகக் கொண்ட செடி. அதற்கு வெயில் வேண்டும். ஆனால் புழுக்கம் ஆகாது. வேருக்கு ஈரம் வேண்டும். ஆனால் இலை நனைதல் ஆகாது. பகல் வெப்பம் 32 பாகை செல்சியசுக்கு மேலும், இரவு வெப்பம் 24 பாகைக்கு மேலும் ஏறினால் பூக்கள் காயாகாமல் உதிர்ந்துவிடும். வைகாசி, ஆனி மாதங்களிற் செடி செழித்துப் பூத்தும் காய் பிடிப்பதில்லை என்று நீங்கள் முறையிடுவதற்குக் காரணம் இதுவே. அது பசளைக் குறையன்று, காலக் குறையாகும்.

நமக்கு இரண்டு காலங்கள் உகந்தவை. முதலாவது வளவுக் காலம். கார்த்திகைக் கடைசியில் கூரையின் கீழ் விதைத்து, மார்கழிக் கடைசியில் அல்லது தை முற்பகுதியில் மழை தணிந்ததும் வளவில் நட வேண்டும். குளிர்ச்சியுள்ள மாசியிற் பூத்து, பங்குனி, சித்திரையிற் காய்க்கும். இரண்டாவது விறாந்தைக் காலம். ஆவணிக் கடைசியில் விதைத்து, புரட்டாதியிற் சாடிக்கு மாற்றி, மழை தொடங்கும்வரை முற்றத்து வெயிலில் வளர்க்க வேண்டும். ஐப்பசி மழை இறங்கியதும் விறாந்தைக்குக் கொண்டுவர வேண்டும். கார்த்திகை, மார்கழியில், சந்தையில் தக்காளி அருகும் நேரத்தில் இது பழம் தரும்.

கிணறு கற்பித்த பாடம்

நான் விவசாயப் பாடசாலையிற் பயின்று வெளியேறி இப்பகுதிக்கு வந்த முதலாண்டில் நிகழ்ந்ததொன்றைச் சொல்கிறேன். எழுவான்கரையில் ஒரு தாய் இருபது செடி நட்டிருந்தார். வைகாசி மாதம். இலைகள் மஞ்சளித்து, ஓரங்கள் தீய்ந்திருந்தன. நான் இலையைப் பார்த்தேன். நைதரசன் குறைவென்று தீர்மானித்தேன். செடிக்கு ஒரு தேக்கரண்டி யூரியா இட்டு நன்றாக நீர் ஊற்றும்படி கூறினேன். அந்தத் தாய் சற்றுத் தயங்கி, “தம்பி, கச்சான் துவங்கினா இந்தக் கிணறு நாக்கில உவர்க்கும். அதனால இருக்குமோ?” என்று கேட்டார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு கிழமையில் இருபது செடியும் கருகிவிட்டன.

மண்ணில் ஏற்கெனவே உப்பு மிகுந்திருந்தது. யூரியாவும் நீரிற் கரைந்து அவ்வடர்த்தியைக் கூட்டியது. வேர் நீரை உறிஞ்ச இயலாமல், ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தால் மாண்டது. தரையில் வெண்மையாகப் படிந்திருந்த பொருக்கையும் நான் கவனிக்கவில்லை. நோயை அறியாது மருந்து கொடுத்தவன் நான். அதை அறிந்திருந்தவர் அந்தத் தாய். அன்றுமுதல் எந்த வளவுக்குச் சென்றாலும், செடியைப் பார்க்குமுன் கிணற்று நீரை வாயில் வைத்துத் துப்பிப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். நாக்குக்குத் தெளிவாக உவர்க்கும் நீர் தக்காளிக்கு ஆகாது.

நீர்

கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி போன்ற எழுவான்கரை ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணற்றிடலில் அமைந்தவை. இம்மணலின் கீழ் மழைநீரானது உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலோர் கண்ட கணக்கு. இதன் மறுபுறம் யாதெனில், இயந்திரம் வைத்து இறைத்து மேலே ஓர் அடி நீரைக் குறைத்தால், காலப்போக்கிற் கீழேயுள்ள உவர் பல அடி மேலேறும். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நமது கரையோரக் கிணறுகளை உவராக்கியது. இயந்திரத்தால் இறைத்து இறைத்துக் கழுவ முயன்றதைவிட, அடுத்து வந்த மாரி மழையே அவற்றைப் பெரிதும் தேற்றியது. ஆகவே தோட்டத்துக்கு வாளியால் அல்லது துலாவால் காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக அள்ளுவது நன்று.

தை, மாசியிற் கிணறு நன்னீராயிருக்கும். பங்குனிக்குப் பின்னரே பல கிணறுகள் உவர்க்கத் தொடங்குகின்றன. அக்காலத்துக்கென மழைநீரைச் சேமித்தல் வேண்டும். 100 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 235 லீற்றர் நீர் கிடைக்கும். 200 லீற்றர்ப் பீப்பா ஒன்று நிரம்பி வழியும். காய்க்கும் செடியொன்றுக்குச் சாடியில் நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் போதுமாயின், பத்துச் செடிக்கு 15 லீற்றர். ஐந்து பீப்பா நீர் இரண்டு மாதத்துக்கு வரும். பீப்பாவை இறுக மூடி வையுங்கள். திறந்த நீரில் நுளம்பு பெருகி வீட்டுக்கு டெங்குக் காய்ச்சலைக் கொண்டுவரும்.

மண்ணிலுள்ள உப்பை அதன் மின்கடத்துதிறனால் அளப்பர். அது மீற்றருக்கு 2.5 தெசிசீமென் என்ற அளவைத் தாண்டினால், மேற்கொண்டு ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் தக்காளி விளைச்சலிற் பத்திலொரு பங்கு குறையும். வேறு நீரின்றிச் சற்று உவர்ந்த நீரை ஊற்றியவர்கள், கிழமைக்கொருமுறை மழைநீரை அடியால் வழியுமட்டும் ஊற்றிச் சாடியைக் கழுவிவிட வேண்டும்.

மண்: வயல் தரும் மருந்து

நேற்றுவரை பச்சையாய் நின்ற செடி நண்பகலில் திடீரெனத் தொய்ந்து, இலை மஞ்சளாகாமலே சில நாளில் மாள்வதைக் கண்டிருப்பீர்கள். இது பற்றீரியா வாடல் நோய். ஐயமிருந்தால், தண்டை அடியில் வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுவாய் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணூல் வெட்டுவாயிலிருந்து நீருள் இறங்குமாயின், அது வாடல் நோயே. இதற்கு மருந்து தெளித்துப் பயனில்லை. செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுக. கூட்டெருக் குழியிலோ வாய்க்காலிலோ போடலாகாது.

இந்த நுண்ணுயிர் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகிய ஒரே குடும்பத்துச் செடிகளால் மண்ணிற் பெருகி வாழ்வது. ஆகவே கடந்த மூன்று ஆண்டுகளில் இப்பயிர்கள் நின்ற பாத்தியில் தக்காளியை நடாதீர்கள். அதே நேரத்தில், நெல்லுக்காகப் பல வாரம் நீர் தேங்கி நிற்கும் வயலில் இந்நுண்ணுயிர் பெரிதும் குறைந்துவிடுகிறது. எனவே நெற்செய்கைக்காரராகிய உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத மருந்தொன்று உண்டு. அது உங்கள் வயல் மண். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்துப் படுவான்கரை வயல்களில் ஆவணி மாதம் தரை காய்ந்திருக்கும்போது மேல்மண்ணிற் சில கூடை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாவி நீர் ஏறி உவர்பட்ட வயலிலும், அண்மையிற் களைநாசினி தெளித்த வயலிலும் எடுக்கலாகாது. எழுவான்கரையில் வாழ்வோர் படுவான்கரையில் வயலுள்ள உறவினரிடம் கேட்டுப் பெறலாம்.

வயல் மண் தனியே களியாயிருக்கும். அதனுடன் நன்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கும், மணலும் உமிக்கரியும் சேர்ந்து ஒரு பங்கும் கலந்து சமபங்காக்கிக்கொள்க. தும்புத்தூள் சேர்ப்பதாயின், உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளாக இருக்கக்கூடுமாதலால் நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசிச் சேர்த்தல் வேண்டும்.

விதையும் நாற்றும்

திணைக்களம் வெளியிட்ட இனங்களுள் ‘திலின’ வாடல் நோயை ஓரளவு தாங்குவது. ‘மகேசி’ கலப்பினமாதலால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்து மீண்டும் விதைக்கலாகாது. ஒரு கிராம் விதையில் ஏறத்தாழ 300 விதை இருக்கும். பத்துச் செடிக்கு 20 விதை போதும். ஆகவே ஒரு பொட்டலத்தை அயலவர் பலர் பகிர்ந்துகொள்ளலாம்.

நாற்றுக்கு, வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து ஆறவிட்ட மண்ணை அகன்ற தட்டிலிட்டு, அரை அங்குல ஆழத்தில் விதைத்து மெல்லிய வைக்கோலால் மூடுக. ஐந்து முதல் ஏழு நாளில் முளைக்கும். முளை கண்டதும் வைக்கோலை நீக்கி வெளிச்சத்தில் வைத்தல் அவசியம். தாமதித்தால் நாற்று வெளிறி நெடுத்துவிடும். மூன்று முதல் நான்கு வாரத்தில், நான்கைந்து இலை விட்டதும் நடலாம். நடுவதற்கு ஒரு கிழமை முன்னிருந்து நீரைச் சற்றுக் குறைத்து, வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குக.

வாடல் நோய் தங்கிவிட்ட வளவினர், கத்தரி நாற்றை அடித்தண்டாகக் கொண்டு அதன்மேல் தக்காளியை ஒட்டலாம். வாடலையும் நீர் தேக்கத்தையும் தாங்கும் கத்தரி இனங்களில் தக்காளியை ஒட்டும் முறையைத் தாய்வானிலுள்ள உலக மரக்கறி நிலையம் பல நாட்டு விவசாயிகளுக்கும் கற்பித்துள்ளது. கையால் செய்து பழகவேண்டிய வேலையாதலால், விரும்புவோர் நேரில் வந்து கற்றுக்கொள்ளுங்கள்.

வளவில் நடுதல்

பாத்தி ஓரடி உயரமாயிருத்தல் வேண்டும். தை மாதத்திலும் எதிர்பாராத மழை வருவதுண்டு. செடிக்குச் செடி ஒன்றேமுக்கால் அடி இடைவெளி விடுக. மாலை வேளையில், முதலிலைவரை தண்டை மண்ணுள் புதைத்து நடுக; புதைந்த தண்டிலும் வேர் விடும். ஒட்டிய நாற்றாயின் ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்றல் வேண்டும். நட்ட அன்றே நான்கடிக் கம்பு ஒன்றை ஊன்றுக. பின்னர் ஊன்றினால் வேர் அறும். அறுவடை முடிந்ததும் கிடைக்கும் வைக்கோலை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்புக. இது ஈரத்தைக் காக்கும், தரையில் உப்புப் பூப்பதைக் குறைக்கும், மழைத்துளி தெறித்து மண்ணிலுள்ள நோய் இலைக்கு ஏறுவதையும் தடுக்கும்.

கூட்டெரு தாராளமாக இட்டிருந்தால், நட்ட மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் செடிக்கு அரைத் தேக்கரண்டி யூரியா போதும். தண்டில் படாதபடி நான்கு அங்குலம் தள்ளி இட்டு மூடுக. நீர் உவர்த்திருக்கும் காலத்தில் யூரியாவைத் தொடவேண்டாம். அதன் காரணத்தை முன்னரே சொன்னேன்.

விறாந்தையில் வளர்த்தல்

வீட்டுக்குள் என்றால் அறைக்குள் என்று பொருள் கொள்ளாதீர்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலின்றித் தக்காளி காய்க்காது. அறையின் உள்ளே வைத்த செடி சன்னலை நோக்கிச் சாய்ந்து நீளுமேயன்றிக் காய்க்கமாட்டாது. நமக்கு உகந்தது விறாந்தையின் விளிம்பு. மாரிகாலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்குப் பார்த்த விறாந்தையில் வெயில் உள்ளே விழும். கிழக்குப் பார்த்ததும் நன்று. இறப்பிலிருந்து மூன்றடி நீளத்துக்குத் தெளிந்த பொலித்தீனைச் சாய்வாகக் கட்டி, அதன் கீழ்ச் சாடிகளை வைத்தால் மழை படாது, வெளிச்சம் குறையாது. பக்கங்களை மூடலாகாது. காற்றோட்டமின்றேல் பங்கசு நோய் பிடிக்கும்.

சாடிக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. 15 லீற்றருக்குக் குறையாத எதுவும் உதவும்: பழைய வாளி, விளிம்பு உடைந்த பானை, பாதியாக மடித்த பசளைப்பை. அடியில் ஐந்தாறு துளையிட்டு, ஓட்டுத் துண்டு பரப்பி மண்ணை நிரப்புக. பீடைநாசினி இருந்த கொள்கலனை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது.

விறாந்தையிற் காற்று குறைவு. தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதாயினும், அம்மகரந்தம் உதிர ஓர் அசைவு வேண்டும். ஆகவே காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். பள்ளிக்குப் போகாத நாளிற் பிள்ளைகளிடம் இவ்வேலையை விடலாம். முகில் மிகுந்த மாதமாதலால் விறாந்தைச் செடி வளவுச் செடியளவு காய்க்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் விலை ஏறிய காலத்தில் வீட்டுக் கறிக்குப் பழம் வாங்கவேண்டியிராது.

குறைகளும் பரிகாரமும்

காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்து அழுகினால், அது பெரும்பாலும் நோயன்று. காய்க்குக் கல்சியம் போதாமையாகும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளம் ஊற்றுவதாலும், உவர் நீராலும், மிகுந்த யூரியாவாலும் இது உண்டாகும். நாள்தோறும் ஒரே அளவாக நீர் விடுவதே முதற் பரிகாரம்.

இலை சுருண்டு, சிறுத்து, செடி குறுகினால் அது வெண்ணீ பரப்பும் இலைச்சுருள் நோய். நோயுற்ற செடியை உடனே பிடுங்குக. ஈயைக் குறைக்க, வேப்பம் பருப்பை இடித்து 50 கிராம் தூளை ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் இலையின் அடிப்புறத்தில் தெளிக்க வேண்டும். நீரை எப்பொழுதும் வேரடியில் ஊற்றுக, இலைமேல் ஊற்றலாகாது.

பறித்தலும் விதையெடுத்தலும்

காயின் நுனி இளஞ்சிவப்பானதும் பறிக்கலாம். பழுக்க வெயில் வேண்டியதில்லை. வைக்கோல் பரப்பிய கூடையில் நிழலிற் பழுக்கும். அணிலுக்கும் காகத்துக்கும் முந்திக்கொள்ள இதுவே வழி. நன்கு பேணிய வளவுச் செடி ஒன்று முதல் இரண்டு கிலோகிராம்வரை தரும்.

கலப்பினமல்லாத செடியில், நோயின்றி நன்றாகக் காய்த்த ஒன்றைத் தேர்ந்து, இரண்டாம் கொத்துப் பழத்தை நன்கு பழுக்கவிட்டு, விதையைச் சாற்றோடு இரண்டு நாள் புளிக்கவைத்துக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து மூடி வைக்கலாம்.

முடிவுரை

பெருமக்களே, இவ்வளவும் கேட்டபின் மூன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். விதைக்குமுன் கிணற்று நீரை நாவாற் சோதியுங்கள். நடுமுன் மண்ணின் மூன்றாண்டு வரலாற்றைக் கேளுங்கள்; ஐயமானால் வயல் மண்ணைக் கொண்டுவாருங்கள். மழைக்குமுன் சாடியை இறப்பின் கீழ் வையுங்கள்.

நான் கெடுத்த அந்த இருபது செடியின் சொந்தக்காரத் தாய், அடுத்த கார்த்திகையில் என்னிடம் வந்து பத்து நாற்று மட்டும் கேட்டார். முற்றத்தில் இரண்டு பீப்பா வைத்திருந்தார். தம்பியார் வயலிலிருந்து மண்ணும் வந்திருந்தது. பங்குனியில் ஒரு சிறு கூடைப் பழத்துடன் அலுவலகத்துக்கு வந்தார். செடி கருகியதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “இந்த முறை கிணத்தைக் கேட்டுத்தான் ஊத்தினேன், தம்பி” என்று மட்டும் சொன்னார்.

உங்கள் வளவிலும் ஐயம் எழுமாயின், வாடிய செடியின் தண்டுத் துண்டொன்றையும் ஒரு போத்தல் கிணற்று நீரையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். இம்முறை நீரை முதலில் பார்ப்பேன்.